மூன்றாம் நாள் பிரியாணி

பெருநாள் கழிந்த மறுநாள் வைகறையில் பள்ளிவாசலின் முதல் வரிசையை எவரேனும் உற்று நோக்கியதுண்டா? வழக்கமாய் வருவோரில் பாதிப்பேர் இரார். வந்தோரும் ருகூவிற்குக் குனிகையில் ஒரு முனகலோடு குனிவர். ஸஜ்தாவிலிருந்து எழுகையில் ஓர் ஏப்பத்தோடு எழுவர். அண்ணல் நபிகளாரின் (ஸல்) திருமுன் ஒருவர் ஏப்பம் விட்டபோது, அதனை அடக்கிக்கொள்ளுமாறு பணித்த பெருமானார், இம்மையில் வயிறு புடைக்க உண்போரே மறுமையில் மிகுந்த பசியோடிருப்பர் என எச்சரித்ததாகத் திர்மிதீயில் காண்கிறோம். அந்த நபிமொழியை ஜும்ஆ மேடையில் கேட்டு ‘சுப்ஹானல்லாஹ்’ சொன்ன அதே வாய்தான் ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாள் ஓமத்திரவத்தையும் கோலிச் சோடாவையும் தேடி அலைகிறது.

நான் விருந்தின் பகைவன் அல்லன். இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. ஆட்டுத்தலைக் குழம்பில் இடியாப்பத்தைப் புரட்டி உண்பதில் எனக்குள்ள ஈடுபாட்டை நாரணாபுரத்தில் என் தெருவினர் அறிவர். ஆகவே இக்கட்டுரையைப் பட்டினித் துறவியின் உபதேசமாக எவரும் கொள்ள வேண்டா. இது ஒரு குற்றவாளியின் வாக்குமூலம். உடன் குற்றவாளிகள் மீதான வழக்குரையும் ஆகும்.

சென்ற 2025ஆம் ஆண்டு ஜூன் 7, சனிக்கிழமை, பெருநாள். எங்கள் வீட்டுக் குர்பானி ஆட்டில் இறங்கிய கறி பதினொரு கிலோ. முறைப்படி மூன்றாய்ப் பகுத்தோம். ஒரு பங்கு வீட்டிற்கு, ஒரு பங்கு உற்றார்க்கு, ஒரு பங்கு இல்லார்க்கு. வீட்டுப் பங்கைக் கொண்டு நான்கு கிலோ அரிசியில் பிரியாணி ஆக்கினோம். தால்ச்சா, கத்திரிக்காய்ப் பச்சடி, ஈரல் வறுவல் ஆகியன தனி. கிலோவுக்கு எட்டுப் பத்துப் பேர் உண்ணலாம் என்பது எங்கள் பக்கத்துச் சமையற்காரர் கணக்கு. பந்திக்கு அமர்ந்தவர்களோ, வீட்டார் எழுவர், விருந்தினர் ஒன்பதின்மர். ஏன் ஒன்பதின்மர்? அழைக்கப்பட்ட ஏனையோர் வீடுகளிலும் அன்று குர்பானி! அவர்களும் எங்களை அழைத்திருந்தனர், நாங்களும் போகவில்லை.

பதினாறு பேர் முப்பத்தைந்து பேர் உணவை வென்றுவிட முயன்றோம். என் மச்சான் நான்காம் முறை வாங்கி உண்டார். ஐந்தாம் முறைக்குத் தட்டை நீட்டவில்லை, ஆனால் தட்டைக் கவிழ்க்கவும் இல்லை. வயிற்றை மூன்றாய்ப் பகுத்து, ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபிகளார் காட்டிய அளவை அவருக்கு நினைவூட்டினேன். “முதலிரண்டும் நிறைஞ்சிடுச்சு, மூச்சுப் பங்குலதான் இப்ப சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். சிரித்தோம். நானும் அவரோடு சேர்ந்து மூச்சுப் பங்கில் உண்டேன்.

மாலையில் வேடிக்கையின் இரண்டாம் பாகம் தொடங்கிற்று. உற்றார் வீடுகளிலிருந்து பைகள் வரலாயின. நாங்கள் அனுப்பியது நான்கு கிலோவிற்குச் சற்றுக் குறைவு. வந்து சேர்ந்தது ஆறு கிலோ. வாணிபம் என்று கொண்டால் நல்ல இலாபம். என் வீட்டுத் தொடைக்கறி சிவகாசியிலுள்ள தங்கை வீட்டிற்குப் போய், அவள் வீட்டுத் தொடைக்கறி என் வீட்டிற்கு வந்தது. வேறொரு பையில் வந்த நெஞ்செலும்பைக் கண்டு, இதை நான்தானே காலையில் வெட்டினேன் என்று ஐயுற்றேன். அஃது இரண்டு வீடு சுற்றிவிட்டுப் பிறந்தகம் திரும்பியிருந்தாலும் வியப்பில்லை. உற்றார் பங்கென்பது இவ்வாறு குர்பானி கொடுத்தவரும் குர்பானி கொடுத்தவரும் தமக்குள் நடத்திக்கொள்ளும் பண்டமாற்றாய் முடிந்துவிட்டது. ஆட்டை அறுக்க இயலாத உறவினன் எவனும் நமக்கு இல்லையா? இருக்கிறான். அவன் வீடு தொலைவு; அவனை நினைவுகூர்வது அதனினும் தொலைவு.

இரவு பிரியாணி. ஞாயிறு காலை, இடியாப்பத்திற்குப் பதிலாகப் பிரியாணி. ஞாயிறு பகல், வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் புரட்டிய பிரியாணி. இதற்கு என் மகள் வேறொரு பெயர் சூட்டினாள். பிரிட்ஜின் மேல்தட்டு பச்சைக் கறியால் நிரம்பிவிட்டமையால் ஆக்கிய சோற்றுக்கு அங்கே இடமில்லை. அண்டாவை அடுப்பங்கரையிலேயே மூடிவைத்துச் சூடாக்கிச் சூடாக்கி உண்டோம். விருதுநகர்ச் சீமையின் வைகாசி வெயிலை அறியாதவர்க்கு ஒன்று சொல்வேன்: இங்கே பகலில் மூடிவைத்த அண்டாவினுள் நடப்பது வேறோர் அடுப்பின் வேலை. சோற்றில் தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை; மணிக்கணக்கில் வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும்; அந்நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போவதில்லை. பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி இது. எனினும் அண்டாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, “ஒன்றும் ஆகவில்லை” என்று தீர்ப்பளிக்கும் உரிமையை நம் வீட்டுப் பெரியோர் எந்த அறிவியலுக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

திங்கட்கிழமை மாலை, அதாவது மூன்றாம் நாள், எவருக்கும் பிரியாணியின் முகத்தைப் பார்க்க இயலவில்லை. அப்போதுதான் எங்களுக்கு ஏழைகளின் நினைவு வந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் பட்டாசு ஆலையொன்றில் மத்தாப்புப் பெட்டி ஒட்டுபவர். காலை ஆலை வண்டி ஏறினால் மாலைதான் திரும்புவார். அவருக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய, மேலே ஓர் அவித்த முட்டையும் வைத்து அனுப்பினோம். அனுப்பிய என் மனைவியார் முகத்திலும், அதனைக் கண்டு நின்ற என் முகத்திலும் தருமம் செய்தோர்க்குரிய ஒளி இருந்தது. பாத்திரம் காலியாயிற்று என்னும் மகிழ்ச்சியே அந்த ஒளி என்பதை அப்போது நான் அறிந்தேனில்லை.

மறுநாட்காலை மதிலுக்கு அப்பால், சீமைக்கருவேலம் புதரோரம், அந்தப் பிரியாணி கிடந்தது. எங்கள் வீட்டுப் பிரியாணியை நான் அடையாளம் காணாமற் போவேனா? பட்டையும் கிராம்பும், இரண்டாகப் பிளந்த முட்டையும், நான் சனிக்கிழமை பொறுக்கி எடுத்த நெஞ்செலும்பும் அங்கே கிடந்தன. தெருநாய் ஒன்று அருகே படுத்திருந்தது. அதுவும் அதனைத் தொடவில்லை.

சற்றுப் பொழுதில் அந்த அம்மாள், ஆலை வண்டி ஏறுமுன், தூக்குச்சட்டியைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவெனக் கொண்டுவந்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்புதல் வழக்கமன்று. உள்ளே ஐந்தாறு முருங்கைக்காய்களை ஒடித்து நிறுத்தியிருந்தார். “பாயம்மா, சட்டி இந்தாங்க. நம்ம மரத்துக் காய், அன்னைக்குப் பறிச்சது” என்றார். குறையாக ஒரு சொல் இல்லை. அவர் கொண்டுவந்தது அன்று பறித்த காய். நாங்கள் அனுப்பியது சனிக்கிழமைச் சோறு.

இந்த இடத்தில் திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 267ஆம் வசனத்தை நான் எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஈட்டியவற்றில் நல்லவற்றையே செலவிடுமாறு பணித்து, நமக்கு ஒருவர் தந்தால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க ஒப்பாத இழிந்த பொருளைத் தேர்ந்து பிறர்க்கு ஈயாதீர் என்று இறைவன் விலக்குகிறான். அவ்வசனம் பேரீச்சங்குலைகளைப் பற்றி இறங்கியதாக விரிவுரையாளர் கூறுவர்; நல்ல குலைகளைத் தமக்கு வைத்துக்கொண்டு வற்றல் குலைகளைப் பள்ளியில் தொங்கவிட்டோர் இருந்தனராம். பேரீச்சை விளையாத சிவகாசிச் சீமையில் நாம் அதனைப் பிரியாணியைக் கொண்டு நிறைவேற்றுகிறோம்.

இனி எதிர்வாதங்கள். என் இல்லத்திலேயே அவை குறைவின்றிக் கிடைத்தன.

முதல் வாதம் மார்க்க வாதம். ‘தஷ்ரீக்குடைய நாட்கள் உண்பதற்கும் பருகுவதற்கும் உரியவை, அன்று நோன்பு கூட நோற்கலாகாது. நீர் ஏன் உண்ணாதே என்கிறீர்?’ முஸ்லிம் நூலில் வரும் அந்த நபிமொழியில் உண்ணுதல், பருகுதல் ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இறைவனை நினைவுகூர்தல் என்பது அது. முதலிரண்டை மனனம் செய்து மூன்றாவதை மறந்துவிடுவது நம் நாவின் வசதி. உண்ணுங்கள், பருகுங்கள் என்று தொடங்கும் ஏழாம் அத்தியாய வசனத்தையும் நாம் இவ்வாறே பாதியில் நிறுத்துகிறோம். வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்று அது முடிவதை எவரும் பந்தியில் ஓதக் கேட்டிலேன்.

இரண்டாம் வாதம் இன்னும் நுட்பமானது. ‘குர்பானிக் கறியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற தடை ஒரு காலத்தில் இருந்தது, பின்னர் நபிகளாரே அதனை நீக்கிவிட்டனர். ஆகவே பிரிட்ஜில் முஹர்ரம் வரை வைத்துக்கொள்வதில் தவறென்ன?’ உண்மை. நீக்கினர். ஆனால் ஏன் விதித்தனர், ஏன் நீக்கினர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி இது: ஒரு ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிப் பாலைவன மக்களில் வறிய குடும்பங்கள் மதீனாவிற்கு வந்து சேர்ந்தன. அவ்வாண்டு, மூன்று நாட்களுக்குப் போதுமானதை வைத்துக்கொண்டு எஞ்சியதைத் தருமம் செய்துவிடுமாறு கட்டளை பிறந்தது. மறு ஆண்டு மக்கள் வந்து தயங்கிக் கேட்டபோது, அன்று வந்த வறியோரின் பொருட்டே தடுத்ததாகவும், இனி உண்ணலாம், ஈயலாம், சேமிக்கலாம் என்றும் பெருமானார் விளக்கினர். சலமா இப்னுல் அக்வஉ (ரலி) வழியாகப் புகாரீயில் வரும் அறிவிப்பும் அவ்வாண்டு மக்கள் நெருக்கடியில் இருந்ததையே காரணமாய்க் காட்டுகிறது.

எனவே தடை நீங்கியது பசி நீங்கியதனால். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் ‘அர்-ரிஸாலா’வில் இதனை எடுத்து ஆராய்கிறார். அத்தகைய வறியோர் வந்து சேரின் தடையும் வந்து சேரும் என்பது அவர் அங்கே காட்டும் ஒரு நிலை. அதனைச் சட்டமாக்கி எவர் கழுத்திலும் கட்ட நான் முஃப்தி அல்லன். ஆனால் நாரணாபுரத்தில் இருந்துகொண்டு ‘வறியோர் எங்கே வந்தனர்?’ என்று வினவுவது நகைப்பிற்கிடமானது. அவர்கள் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. மதிலுக்கு அப்பால் இருக்கின்றனர். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்பளித்ததன் பின்னர் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. மழை விடாது பெய்தால் மருந்து உலராது, வேலை இல்லை. ஓரிடத்தில் வெடித்தால் மற்ற ஆலைகளும் ஆய்வுக்கு அஞ்சி அடைத்துவிடும், வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில நாட்களேனும் வேலை இல்லை. எங்கள் ஊர்க் கூலி ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வரும் தீபாவளியைச் சுற்றுகிறது. நம் பெருநாளோ பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது. இன்று வேலை மும்முரத்தில் வரும் பெருநாள், சில ஆண்டுகளில் வேலையற்ற மாதங்களுக்குள் வந்து நிற்கும். அன்று நம் பிரிட்ஜுகள் முஹர்ரம் வரை நிறைந்திருக்க வேண்டுமா?

மூன்றாம் வாதத்தைத் தாழ்ந்த குரலில் சொல்கின்றனர். ‘குர்பானிக் கறியை மாற்று மதத்தவர்க்குக் கொடுக்கலாமா?’ இதில் மத்ஹபுகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஷாஃபிஈ நூல்களில் இறுக்கம் மிகுதி, ஹனஃபிகள் தடுப்பதில்லை. எங்கள் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப வினவியதை அபூதாவூதும் திர்மிதீயும் பதிந்துள்ளனர். ஆனால் என் வியப்பு வேறு. பச்சைக் கறியை அண்டைவீட்டு இந்துச் சகோதரிக்குக் கொடுக்கலாமா என்று ஃபத்வாத் தேடுகிற நாம், ஊசிப்போன பிரியாணியைக் கொடுக்கையில் எந்த மத்ஹபையும் தேடுவதில்லை! (அவர் ஆட்டுக்கறி உண்பவரா, எந்தக் கிழமையில் உண்ணார் என்று கேட்டறிதல் வேறு செய்தி, அது மரியாதை. அதையும் நாம் கேட்பதில்லை.)

நான்காவது, விருந்தோம்பல் வாதம். ‘பந்தியில் குறைந்துவிட்டால் மானம் போகும், எஞ்சினால்தான் பரக்கத்.’ என் நன்னி இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சஹன் முறை இருந்தது. ஒரு தாம்பாளம், அதைச் சுற்றி நால்வர். சஹனுக்கு இவ்வளவு சோறு, இத்தனை கறித்துண்டு என்று கணக்கு உண்டு. நால்வரும் தாம்பாளத்தின் அடி தெரியும்வரை வழித்து உண்டபின்பே எழுவர்; மீதம் வைப்பது உடன் உண்டவருக்குச் செய்யும் அவமதிப்பு. விரல்களையும் தட்டையும் வழித்து உண்ணுமாறும், கீழே விழுந்த கவளத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளுமாறும் நபிகளார் கற்பித்த ஒழுங்கு அங்கே பேச்சாக இல்லை, வழக்கமாக இருந்தது. இருவர் உணவு மூவர்க்குப் போதும் என்ற நபிமொழியை நன்னி ஓதியதில்லை. நான்கு பேர் சஹனில் ஐந்தாமவனாக என்னை இடுக்கி உட்கார வைத்துவிடுவார். இன்று காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் விருந்துகளில் சஹனைக் காணலாம். எங்கள் வீட்டிலோ ஆளுக்கொரு தட்டும், தட்டுக்கொரு மலையும். குழந்தைக்கும் மலை. பாதி மலை குப்பைக்கு.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்கிடுகிறது. அதில் ஏறத்தாழ 63 கோடி டன், அதாவது ஐந்தில் மூன்று பங்கு, உணவு விடுதிகளிலோ கடைகளிலோ வீணானதன்று, வீடுகளில் வீணானது. கல்யாண மண்டபங்களைப் பழித்து மேடையில் முழங்குவோர் இதனைச் சற்று எண்ணுக. குற்றவாளி நம் அடுப்பங்கரையிலும் இருக்கிறான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் ஆட்டை ஏன் அறுக்க வேண்டும்? அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுத்துவிடலாமே’ என்று புறப்படுவோரும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இறைச்சியோ குருதியோ இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அடைகிறது என்னும் 22ஆம் அத்தியாய வசனத்தை அவர்கள் துணைக்கழைப்பர். அதற்கு முந்திய வசனத்தையும் படிக்கட்டும். கேளாது பொறுத்திருப்பவனுக்கும் கேட்டு வருபவனுக்கும் உண்ணக் கொடுங்கள் என்கிறது அது. உண்ணக் கொடுக்க ஊன் வேண்டும். கேளாது பொறுத்திருப்பவன் என்ற அச்சொல்லை நான் பல முறை ஓதியிருக்கிறேன். துலக்கிய தூக்குச்சட்டியோடு நின்ற அந்த அம்மாளைக் கண்டபோதுதான் அதன் பொருள் எனக்கு எட்டியது.

மிகுதியான ஊனை உரிய இடத்தில் சேர்ப்பது இயலாத செயலா? மினாவில் ஒரு காலத்தில் ஹாஜிகள் அறுத்த இலட்சக்கணக்கான பிராணிகளின் இறைச்சி பெரும்பாலும் உண்பாரின்றி வெயிலில் கெட்டுப் புதைக்கப்பட்டது. 1983இல் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியின் பொறுப்பில் சவூதி அரசு ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன்பின் அந்த இறைச்சி குளிரூட்டப்பெற்று, ஹரமின் ஏழைகளுக்குப் போக எஞ்சியது கப்பலேறி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் வறியோரை அடைகிறது. மினாவிலிருந்து கடல் கடந்து செல்ல இயல்கிற ஊன், என் அடுப்பங்கரையிலிருந்து மதிலைக் கடந்து செல்ல மூன்று நாளாயிற்று. அப்போதும் ஊனாகச் செல்லவில்லை.

மீதம் என்பதற்கு நாம் கொண்ட பொருளே பிழை என்று தோன்றுகிறது. நபிகளாரின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. எஞ்சியது எவ்வளவு என்று பெருமானார் வினவ, ஒரு தோள்பகுதி மட்டுமே எஞ்சியது என்றனர் அன்னை ஆயிஷா. அந்தத் தோள்பகுதி நீங்கலாக மற்றவை யாவும் எஞ்சின என்று திருத்தினர் பெருமானார். திர்மிதீயில் உள்ள செய்தி. இக்கணக்கில் என் 2025ஆம் ஆண்டுக் கணக்கை எழுதிப் பார்த்தேன். நான்கு கிலோ கொடுத்து ஆறு கிலோ வாங்கி, அண்டாவில் ஊசவைத்து, பிரிட்ஜில் உறையவைத்தது போக, இல்லார்க்கு என்று வெட்டிய பங்கு ஒன்றுதான் எஞ்சியதாக வருகிறது. அதிலும் ஒரு பை, எங்களைவிட வசதியாயிருக்கும் ஒருவர் வீட்டிற்கு, வழக்கம் விடக்கூடாதென்பதற்காகப் போயிற்று.

வரும் பெருநாளுக்கு வீட்டில் சில முடிவுகள் எடுத்துள்ளோம். குர்பானி கொடுத்த வீட்டிற்குக் குர்பானிக் கறி அனுப்புவதில்லை. அவர்கள் அனுப்பினால் வாங்கிய கையோடு வேறு வாசலுக்குப் போகும். சோறு தலைக்கணக்கில் ஆக்குவது. வருவோரை முன்னாளே கேட்டறிவது. அண்டைவீட்டாருக்குப் பிரியாணி போவதானால், தம் உடைத்து முதற்கரண்டி எடுக்கையில், நாம் உட்காருமுன் போவது. குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டைவீட்டாரைக் கவனிக்குமாறு அபூதர்ருக்கு (ரலி) நபிகளார் உரைத்ததை என் மனைவியாரிடம் சொன்னேன். நீரைக் கூட்டினால் தால்ச்சா கெட்டுவிடும், பருப்பைக் கூட்டலாம் என்றார். மார்க்க அறிஞர் எவரும் இதனை மறுக்கமாட்டார் என நம்புகிறேன்.

மூன்று நாட்களுக்கு மேல் பிரிட்ஜில் கறி இருக்கலாகாது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மச்சான் எதிர்க்கிறார். “அப்ப இருபத்தையாயிரம் குடுத்து பிரிட்ஜ் எதுக்கு மச்சான் வாங்குனீங்க?” என்கிறார். அவர் வீட்டுப் பிரிட்ஜில் சென்ற பெருநாளின் உப்புக்கண்டம் ஒரு டப்பா நிறைய இருப்பதாக என் தங்கை எனக்குத் தனியே தெரிவித்திருக்கிறாள்.